ஒரே குழாயில் போன இரண்டு ஒயர்கள்

சர்வருக்கு ஒயர் இழுக்கிறவனின் பெயர் ஒரு கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்றால், அவன் இழுத்தது எப்போதோ அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதே தொழிலில் காலம் தள்ளும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பங்காருபாளையம் பக்கத்தில் ஒரு ஜூஸ் பாக்டரி இருக்கிறது. அங்கே என் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வேலை தொடங்கிய நாளில் அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பாக்டரி ஓனர். திருப்பதியிலிருந்து அவர் வரவழைத்திருந்த வாஸ்து சாமி. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஹேமலதா, குப்பம் என்ற ஊரில் படித்த பெண். டிராக்டரையும் லாரியையும் ஏற்றி எடை பார்க்கும் மேடையை எங்கள் பக்கத்தில் காட்டா என்போம். அந்தக் காட்டாவை நடத்தும் வெங்கடேசு. என் கூட்டாளி முனிரத்தினம். கடைசியாக நான், ஆறுமுகம். மொத்தம் ஆறு பேர். வெங்கடேசுவின் மகள் சிரீஷா கேட்டில் காலேஜ் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வராததால் அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். டெலிபோன் ஒயர் முடிச்சுப் போட்டுத் தொடங்கி, கேபிள் டிவி ஒயருக்கு வந்து, கம்ப்யூட்டர் ஒயரில் நிற்கிறேன். ஜாகை சித்தூரில். எனக்கு நாலு பேர் நடுவே பேச வராது, அளக்க வரும். பேசுவது முனிரத்தினத்தின் பொறுப்பு. அதற்குக் குறைவில்லாமல் அவன் பேசிவிடுவான்.

கேட் பக்கத்து ரூம்

முந்தைய மாங்காய் சீசனில் ஆபீஸ் சர்வருக்கும் காட்டா அறைக்கும் நடுவே ஒரே ஒரு ஒயர்தான் இருந்தது. அதுவும் ஆகாயத்தில் தொங்கியது. கிரேட்டுகளை உயரமாக அடுக்கிக்கொண்டு வந்த ஒரு டிராக்டர் அதை மாலை போட்டுக்கொண்டு போய்விட்டது. எடை சர்வரில் ஏறினால்தான் டோக்கன் அச்சாகும். டோக்கன் இல்லாமல் ஒரு வண்டியும் உள்ளே போகாது. அரை நாள் காட்டா நின்றது. வெயிலில் பழம் குழைந்தது. விவசாயிகள் வெங்கடேசுவைச் சூழ்ந்துகொண்டு சட்டையைப் பிடித்தார்கள்.

வெங்கடேசு எல்லைக் கிராமத்துத் தமிழன். அவன் நைனா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி. காட்டா வேலைக்கு வந்தபோது கேட்டை ஒட்டி அவனுக்கு ஒரு ரூம் கொடுத்தார்கள். ஒரு ரூம், ஒரு குழாய், வாசலிலேயே காலேஜ் பஸ். சிரீஷா இன்டர், தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்பார்களே அது, படிப்பதே அந்த பஸ்ஸை நம்பித்தான். ஒயர் அறுந்த அன்று ஓனர் அவனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னதாக அவனே எங்களிடம் சொன்னான். ஓனர் பேசுவது தெலுங்கு, நான் தமிழில் எழுதுகிறேன்: "இன்னொரு தடவை காட்டா நின்னா, நீ எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம், ரூமை காலி பண்ணிட்டுச் சாவியைக் குடு."

ஒன்று போதாதா

இரண்டு ஒயர் போடலாம் என்று சொன்னது ஹேமலதா. சர்வரின் முதுகில் ஒயர் செருகும் ஓட்டை இரண்டு இருக்கும். இரண்டிலும் ஒயர் செருகி, இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ஒரே பெயர் வைத்துவிட்டால், வெளியே இருப்பவர்களுக்கு அது ஒரே வழியாகத்தான் தெரியும். ஒன்று வேலை செய்யும். இன்னொன்று சும்மா காத்திருக்கும். முதலாவது செத்தால் அந்தக் கணமே இரண்டாவது எடுத்துக்கொள்ளும். உயிரோடு இருக்கிறாயா, உயிரோடு இருக்கிறாயா என்று சர்வர் வினாடிக்குப் பத்து தடவை இரண்டு ஒயரையும் கேட்டுக்கொண்டே இருக்கும். என் வீட்டில் என்னை அத்தனை தடவை யாரும் கேட்டதில்லை.

ஓனர் பொறுமையாகக் கேட்டார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலைக்காரர்கள் சாப்பிட்டார்களா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர். கேட்டு முடித்து, ஒன்று வேலை செய்யும்போது மற்றது என்ன செய்யும் என்றார். காத்திருக்கும் என்றாள் ஹேமலதா. வருஷம் முழுவதும் முதலாவது சாகவே இல்லை என்றால்? வருஷம் முழுவதும் காத்திருக்கும் என்றாள். ஓனர் வெங்கடேசுவைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஹேமலதாவிடம் சொன்னார்: "இந்த மாதிரி உத்தியோகம் எங்கேயாவது காலி இருந்தா என் மச்சானுக்குச் சொல்லுங்கம்மா."

திருப்பதி லாட்ஜில் கற்றது

இரண்டு ஒயர் போடுவது எங்களுக்குப் புதிதல்ல. திருப்பதியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு லாட்ஜில் ஏற்கெனவே செய்திருந்தோம். திருமலைக்குப் போகிற ஜனமும் திரும்புகிற ஜனமும் விடியும் முன்பே வந்து ரூம் கேட்கும். கம்ப்யூட்டர் நின்றால் வரவேற்பறையில் மொட்டைத் தலைகள் பெருகிவிடும். அதனால் இரண்டு ஒயர், இரண்டு பெட்டி. ஸ்விட்ச் என்று நாம் சொல்லும் அந்தப் பெட்டிதான், விளக்கு மினுக்குமே, அது. இவ்வளவு செய்தும் ஒருநாள் எல்லாம் நின்றது. ஓடிப் போனோம். ரூம் பெருக்கும் ரமணம்மா தன் செல்லுக்கு சார்ஜ் போட ஒரு பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். இரண்டு பெட்டிக்கும் கரண்டு அந்த ஒரே பிளக்கிலிருந்து.

முனிரத்தினம் அந்த அம்மாளிடம் இரண்டு ஒயர் தத்துவத்தை விளக்கினான். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். ரமணம்மா செல்லை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அதெல்லாம் சரி நைனா, ரெண்டும் ஒரே வாயில சோறு துன்னா, ரெண்டு இன்னாத்துக்கு?"

ஈசானிய மூலை

ஜூஸ் பாக்டரிக்கு வருகிறேன். ரமணம்மாவின் கேள்வியை மனதில் வைத்துத்தான் நானும் முனிரத்தினமும் வழியை அளந்தோம். சிவப்பு டேப் சுற்றிய முதல் ஒயர், தென்கிழக்கு மூலையில் மண்ணுக்குள் ஏற்கெனவே இருந்த பி.வி.சி. குழாய் வழியாக. அறுபத்தெட்டு மீட்டர். நீல டேப் சுற்றிய இரண்டாவது, வடகிழக்குச் சுவரில் ஒரு துளை போட்டு, காம்பவுண்டு மேலேயே சுற்றி. தொண்ணூற்று நாலு மீட்டர். இரண்டும் சந்திக்கும் இடம் காட்டா அறை மட்டுமே. அங்கே இரண்டு பெட்டி, இரண்டு தனித்தனி பிளக். அளந்து, வெட்டி, சுருட்டி வைத்துவிட்டு டிரில்லை எடுத்தேன்.

வாஸ்து சாமி அன்று வந்தது புது பாய்லருக்கு இடம் பார்க்க. டிரில் சத்தம் கேட்டு வந்தவர் சுவரில் கை வைத்துத் தடுத்தார். ஈசானிய மூலையில் துளையா என்றார். முனிரத்தினம் விடவில்லை. "சாமி, ஈசானியத்துல தண்ணி பைப்பு போலாம்தானே?" என்றான். போகலாம். "அப்ப இதுவும் அது மாதிரிதான் சாமி." தண்ணீர் வேறு, கரண்டு வேறு, கரண்டு அக்கினி, அதன் இடம் ஆக்னேயம், தென்கிழக்கு என்றார் சாமி. "இதுல கரண்டு போவல சாமி, சேதிதான் போவுது." சாமி கண்ணை மூடித் திறந்து, சேதி எதில் போகிறது என்று கேட்டார். முனிரத்தினம் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "கரண்டுலதான் சாமி" என்றான்.

அத்தோடு முடிந்தது. நீல ஒயரும் தென்கிழக்குக் குழாய்க்கே போக வேண்டும் என்று ஆயிற்று. ஹேமலதா சொன்னாள். முனிரத்தினம் சொன்னான். நானும் வாயைத் திறந்து, குழாய்க்கு ஏதாவது ஆனால் இரண்டும் போகும் சார் என்றேன். நான் பேசியதே ஓனருக்கு ஆச்சரியம். அவர் அதட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "ஒயரை ரெண்டாக்கச் சொன்னீங்க, சரின்னேன். இப்போ வழியும் ரெண்டு வேணும்னா நான் எங்கே போறது?"

தொண்ணூற்று நாலு மீட்டர் ஒயரில் அறுபத்தெட்டை வெட்டிக் குழாயில் விட்டோம். மிச்சம் இருபத்தாறு மீட்டரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். சின்னத் துண்டு என்றால் அங்கேயே விட்டுவந்திருப்பேன். வேண்டிய வழிக்கும் கிடைத்த வழிக்கும் நடுவே இருந்த தூரம் அது. விட மனம் வரவில்லை. பையைக் கட்டும்போது முனிரத்தினம் சொன்னான்: "இன்னாண்ணே, பாம்பு புடிச்சிக்கினு போற மாதிரி போறே."

நூற்றுப் பதினாறு

கட்டிய இரண்டு ஒயருக்கும் சேர்த்து சர்வரில் ஒரு பெயர் வைக்க வேண்டும். எல்லா இடத்திலும் வைக்கிற பெயர்தான், பாண்டு ஜீரோ. கட்டு என்பதற்கு இங்கிலீஷில் பாண்டு. ஹேமலதா அதை டைப் அடிக்கும்போது ஓனர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பூஜ்ஜியமா என்றார். புதுசாக ஒன்று தொடங்கும்போது பூஜ்ஜியத்தில் யாராவது தொடங்குவார்களா என்றார். சரி சார், ஒன்று என்று வைக்கிறேன் என்றாள் அவள். ஒன்று ஒண்டியாக நிற்கும், அதுவும் வேண்டாம் என்றார் ஓனர்.

எங்கள் பக்கம் கல்யாணத்தில் மொய் எழுதினாலும், ஐயருக்குத் தட்சிணை கொடுத்தாலும் நூற்றுப் பதினாறுதான் ராசி. அதையே வை என்றார். வைத்தாள். பாண்டு நூற்றுப் பதினாறு. சர்வர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. பின்னால் அந்த சர்வரைப் பார்க்கப் போகும் யாரோ ஒருவர், பூஜ்ஜியத்திலிருந்து எண்ணி, மீதி நூற்றுப் பதினாறு பாண்டும் எங்கே என்று தேடப்போகிறாரே என்று எனக்கு வருத்தம். ஹேமலதாவுக்கு வேறு வருத்தம். "என் கல்யாணத்துக்கு சார் இதையே எழுதிடப் போறாரு அங்கிள்" என்றாள்.

பிடுங்கிப் பார்த்தது

கட்டிய பிறகு பிடுங்கிப் பார்க்க வேண்டும். பிடுங்கிப் பார்க்காதவன் நம் தொழிலில் நிம்மதியாகத் தூங்க முடியாது, உங்களுக்குத் தெரியும். காலி டிராக்டர் ஒன்றைக் காட்டா மேல் ஏற்றி நிறுத்தினோம். வெங்கடேசு அவன் நாற்காலியில். நான் ஆபீஸில் சிவப்பைப் பிடுங்கினேன். செல்லில் முனிரத்தினத்தின் குரல், "நிக்கலண்ணே! நம்பர் அப்பிடியே கீது!" சிவப்பைச் செருகி, நீலத்தைப் பிடுங்கினேன். அப்போதும் நிற்கவில்லை. டோக்கன் அச்சாகி வந்தது. வெங்கடேசு அந்தக் காலி டோக்கனைக் கிழித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான் என்று முனிரத்தினம் பிறகு சொன்னான். மகளிடம் காட்டுவதற்காம்.

ஓனருக்கும் ஆசை வந்தது. நான் பார்க்கிறேன் என்று வந்தவர், இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடுங்கிவிட்டார். நின்றது. அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ இதுவும் நிக்கும்தானா?" என்றார். ஹேமலதா சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னாள்: "ஒரே நேரத்துல ரெண்டு காலையும் வாரிவிட்டா யாரு சார் நிப்பாங்க?"

சிரித்துவிட்டுக் கலைந்தோம். குழாயை நினைத்து எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பொட்டு

ஹேமலதா கல்யாணமாகி பெங்களூர் போனாள். ஓனர் நூற்றுப் பதினாறுக்கு மேலேயே செய்தார் என்று கேள்வி. போகும் முன் வெங்கடேசுவிடம் ஒரு வேலை ஒப்படைத்தாள். காட்டா அறையில் இரண்டு பெட்டி இருக்கிறது. நம் ஒயர் செருகிய இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை விளக்கு எரியும். தினமும் காலையில் இரண்டு பச்சையும் இருக்கிறதா என்று மட்டும் பார். ஒன்று இல்லையென்றால் உடனே ஆறுமுகம் அங்கிளுக்கு போன் போடு. காட்டா நிற்காமல் ஓடினாலும் போடு. வெங்கடேசு விடாமல் பார்த்தான். சீசன் தொடங்கும் வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சீசன் பூஜை நடந்தது. முதல் டிராக்டருக்கு மாலை, காட்டா மேடைக்குப் பூசணிக்காய், மிஷின்களுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம். காட்டா அறைக்கு வெங்கடேசுவே பூஜை செய்தான். கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒரு பொட்டு, இரண்டு பெட்டிக்கும் பெரிசாக, மனதார, ஆளுக்கொரு பொட்டு. தன் ரூமைக் காப்பாற்றுகிற சாமி அந்தப் பெட்டிகள்தான் என்று நினைத்திருப்பான். சந்தனத்தைக் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, பச்சை விளக்கு எரிகிற இடம் பார்த்து வைத்துவிட்டான். அங்கேதான் ஏதோ உயிர் இருப்பதுபோல் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பிரசாதம் வாங்கப் போன நான் அதைக் கவனித்தேன். "வெளக்கு தெரியலியே வெங்கடேசு" என்றேன். ஈரத் துணியில் ஓரமாகத் துடைக்கலாமா என்றும் கேட்டேன். அவன் பதறிவிட்டான். சர்க்கரைப் பொங்கலை என் கையில் வைத்தபடி சொன்னான்: "சீசன் நடுவுல எவனாவது பொட்ட அழிப்பானாண்ணே? சீசன் முடியட்டும், நானே தொடச்சிடறேன். காட்டா ஓடிக்கினுதானே கீது."

டிராக்டர் வரிசை

சீசன் உச்சத்தில் ஒரு நாள் காலை போன் வந்தது. வெங்கடேசுவின் குரல் இல்லை, சிரீஷா. "அங்கிள், காட்டா நின்னுபோச்சு. நைனா பேசற நிலையில இல்ல. சீக்கிரம் வாங்க" என்றாள். நானும் முனிரத்தினமும் பைக்கில் போனோம். பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஹைவே வரை நின்றன. எனக்கு எண்ணாமல் கடக்க முடியாது. நாற்பத்தொன்று. மாங்காய் வாசனை முகத்தில் அடித்தது. அது பழுத்த வாசனை. பாக்டரி வாசலில் அந்த வாசனை வந்தால் யாருக்கோ நஷ்டம் தொடங்கிவிட்டது.

குழாயின் வாய் ஜூஸ் கழிவு ஓடும் கால்வாய் பக்கத்தில் இருந்தது. ஒயரை இழுத்ததும் தெரிந்துவிட்டது. பெருச்சாளி. கழிவுத் தண்ணீர் தித்திப்பாக இருக்கிறது. அதைக் குடிக்க வந்தவை குழாயில் குடியேறிவிட்டன. ஒயர்களை மண்மேலேயே தற்காலிகமாகப் போட்டு, மேலே செங்கல் வைத்து, காட்டாவை ஓட்டினோம். சாயங்காலம் ஆகிவிட்டது. நாலாவதாக நின்ற டிராக்டர்காரர் கோவிந்து என்ற பெரியவர், தலப்பாவை அவிழ்த்து கிரேட்டுகள்மேல் விசிறிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் குழைந்துவிட்டது. அவர் யாரையும் திட்டவில்லை. செங்கலை அடுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்கு ரெண்டு ஒயரு கீதாமே. எனக்கு வருசத்துக்கு ஒரே காய்ப்புதான் சாமி, அத்த யாரு பாக்கறது?"

பழைய கடி, புதிய கடி

வெட்டி எடுத்த துண்டுகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நீல ஒயரில் கடித்த இடத்தில் செம்பு பளபளவென்று இருந்தது. அது அன்று கடித்தது. சிவப்பு ஒயரில் கடித்த இடத்தில் செம்பு கறுத்து, பச்சை பூத்திருந்தது. அது பல நாள் ஆனது. அதாவது சிவப்பு எப்போதோ செத்துவிட்டது. நீலம் அந்தக் கணமே எடுத்துக்கொண்டது. நாங்கள் கட்டிக்கொடுத்தபடியே, ஒரு டோக்கன்கூடத் தவறாமல், வேலை அவ்வளவு சுத்தமாக நடந்திருக்கிறது. அதனாலேயே யாருக்கும் தெரியவில்லை. சொல்ல வேண்டிய விளக்கு அணைந்துதான் இருந்தது, பொட்டுக்குப் பின்னால்.

ஓனரிடம் போனேன். முனிரத்தினத்தைப் பேசச் சொல்லாமல் நானே பேசினேன். இரண்டு துண்டையும் மேஜைமேல் வைத்து, குழாய் ஒன்றாகப் போனதுதான் காரணம், வெங்கடேசு என்ன செய்வான் என்றேன். ஓனர் துண்டுகளைத் தொட்டுப் பார்த்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்தது; அது முகத்தில் தெரிந்தது. அவன்மேல் தனக்குக் கோபம் இல்லை என்றார். விவசாயிகள் ஆபீஸுக்குள் வந்து கத்திவிட்டுப் போனதைச் சொன்னார். ஈசானியத்தில் துளை போட்டிருந்தால் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அத்தனை பேர் முன்னாடி சொன்ன வார்த்தையை நானே மாத்தினா, நாளைக்கு இந்த கேட்டுக்குள்ள என் பேச்சை யார் கேப்பாங்க ஆறுமுகம்?"

வெளியே வந்ததும் நடந்ததை வெங்கடேசுவிடம் சொல்ல வேண்டியிருந்தது. பொட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. ஆனால் அவன் என் கையிலிருந்த கறுத்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் காட்டா அறைக்குள் போய், முதல் பெட்டியின் பொட்டைக் கட்டைவிரலால் தேய்த்துத் துடைத்தான். சிவப்பு ஒயரை நாங்கள் அதற்குள் புதிதாக இணைத்திருந்தோம். பச்சை விளக்கு எரிந்தது. "இப்ப எரியுது பார்" என்றான், விளக்கிடம்.

மினி லாரி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெங்கடேசு ரூமைக் காலி செய்தான். அவன் மனைவியின் அண்ணன் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். அங்கே ஒரு தறிக் கூடத்தில் வேலை பார்த்து வைத்திருந்தார். இந்த வயதில் தறி பழக வருமா என்று முனிரத்தினம் கேட்டான். காட்டா மட்டும் பொறந்தப்பவே தெரியுமா என்றான் வெங்கடேசு. சிரீஷாவுக்கு நகரியில் இன்டர் இரண்டாம் வருஷத்தில் சீட் கேட்டிருந்தார்கள். இன்னும் பதில் வரவில்லை. அவள் மினி லாரியின் முன் சீட்டில், மடிமேல் புத்தகப் பையோடு, கேட்டில் காலேஜ் பஸ் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, பஸ் இல்லை.

பீரோவும் கட்டிலும் ஏற்றியாயிற்று. கயிறு போதவில்லை. நான் பைக் பெட்டியைத் திறந்து, அந்தச் சுருளை எடுத்தேன். ஈசானியத்தில் போக வேண்டிய இருபத்தாறு மீட்டர். நாலு மீட்டர் அளந்து வெட்டிக் கொடுத்தேன். வெங்கடேசு பீரோவைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி, லாரியின் கொக்கியில் மாட்டி, காலை ஊன்றி இழுத்து முடிச்சுப் போட்டான். ஆட்டிப் பார்த்தான். பீரோ அசையவில்லை. என்னைப் பார்த்து, பழைய நாள் போலவே சிரித்தான்: "நல்லா கெட்டியா கீதுண்ணே இந்த ஒயரு."

கெட்டியாகத்தான் இருந்தது, ஒரு சுவரில் ஒரு துளை கிடைத்திருந்தால் ஒரு குடும்பத்தையே அந்த ரூமில் கட்டி வைத்திருக்கும் ஒயர், கடைசியில் ஒரு பீரோவைக் கட்டியது போக, என்னிடம் மிச்சம் இருபத்திரண்டு மீட்டர்.